மணவிழாக் கேக்: வரலாறு சொல்வதும் மார்க்கம் சொல்வதும்



சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில், என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இலண்டனிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். பணி நிமித்தம் அங்கே வாழும் அவருக்கு அங்கேயே நிகாஹ் நிச்சயமாகியிருந்தது. மணமகள் கொழும்பிலிருந்து சென்று இலண்டனில் குடியேறிய இலங்கை முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். மஹர், பள்ளிவாசல், வலீமா நாள் என அனைத்தையும் இரு வீட்டாரும் மனமொத்துப் பேசி முடித்திருந்தனர். ஒரே ஒரு செய்தியில் மட்டும் பேச்சு முறிந்து நின்றது. அது கேக்.

பெண் வீட்டார் மணவிழாவுக்குக் கேக் செய்ய விரும்பினர். ஊரிலிருந்து சென்றிருந்த மாணவரின் வாப்பாவோ, "கேக் வெட்டுவது கிறிஸ்தவர்களின் கல்யாணச் சடங்கு. அது மேடைக்கு வந்தால் நான் அந்த மண்டபத்தில் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். "ஹஸ்ரத், நான் யார் பக்கம் நிற்பது?" என்று மாணவர் கேட்டார்.

நான் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "வாப்பா சொல்வதுதான் சரி. அந்நியர் பழக்கம் நமக்கு எதற்கு? விட்டுவிடுங்கள்" என்று இரண்டே வரிகளில் விடையளித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

மறுநாள் அவர் மீண்டும் அழைத்தார். மணமகளின் உம்மா கேட்ட கேள்வியைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "என் உம்மாவின் நிகாஹ்விலும் கேக் பெட்டி கொடுத்தார்கள், என் நிகாஹ்விலும் கொடுத்தார்கள். நாங்கள் ஐவேளையும் தொழுகிற குடும்பம். ஹஸ்ரத் எங்களை அந்நியர் என்கிறாரா?"

அந்தக் கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. ஆராயாமல் நான் சொன்ன பதில், தீனுள்ள ஒரு குடும்பத்தைப் புண்படுத்திவிட்டது. கேக் எங்கிருந்து வந்தது, அதில் எது வழிபாடு, எது வெறும் உணவு என்பதை அறியாமலேயே தீர்ப்பளித்திருந்தேன். எனவே அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். வெளிநாடுகளில் பிள்ளைகளின் நிகாஹ்வை நடத்தும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் அதை இங்கே எழுதுகிறேன்.

ரோமாபுரியின் கோதுமை அப்பம்

கேக்கை எதிர்ப்போர் வழக்கமாகச் சுட்டுவது பண்டைய ரோமாபுரியை. அங்கே உயர்குடியினர் 'கன்ஃபாரியேஷியோ' என்றொரு மணமுறையைக் கைக்கொண்டிருந்தனர். 'ஃபார்' என்னும் பழங்கோதுமை வகையால் சுட்ட அப்பத்தை, ஜூபிடர் என்ற தெய்வத்துக்குப் படைத்து மணமக்கள் பகிர்ந்துகொள்வர். பூசாரியும் பத்துச் சாட்சிகளும் அங்கே இருப்பர். ஐயத்துக்கு இடமின்றி இது இணைவைப்புச் சடங்கே.

ஆனால் அந்த அப்பத்திலிருந்து இன்றைய மணவிழாக் கேக் வரை நேர்க்கோடு வரைவதற்குச் சான்று இல்லை. இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. மணநாளில் ரொட்டியையோ இனிப்பையோ பகிர்ந்துண்பது ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல சமூகங்களில் காணப்படும் வழக்கம் அது. ஜூபிடருக்குப் படைத்த அப்பத்தைக் காட்டி இன்றைய கேக்கைச் சிலைவழிபாடு என்று கூறுவது, வரலாற்றைச் சரியாக எடைபோட்டதாகாது.

இங்கிலாந்தில் பிறந்த கேக்

இன்று நாம் காணும் மணவிழாக் கேக் இங்கிலாந்தில் உருவானது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே மணவிருந்தில் இடம்பெற்றது இனிப்புக் கேக் அன்று. இறைச்சியும் சிப்பியும் வைத்து மூடிச் சுட்ட பெரிய 'மணப்பெண் பை' எனும் பண்டம். பின்னர் உலர்பழங்கள் நிறைந்த இனிப்புக் கேக் அதன் இடத்தைப் பிடித்தது.

1769ஆம் ஆண்டு எலிசபெத் ராஃபால்டு என்ற பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில், மணப்பெண் கேக்கின் செய்முறை இருக்கிறது. நான்கு பவுண்டு மாவு, நான்கு பவுண்டு வெண்ணெய், இரண்டு பவுண்டு சர்க்கரை, 32 முட்டைகள், உலர்திராட்சை, பாதாம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, இவற்றுடன் அரை பைன்ட் பிராந்தி. மேலே பாதாம் விழுதாலும், அதன்மேல் வெண்சர்க்கரைப் பூச்சாலும் மூட வேண்டும். இன்றைய ஆங்கிலேய மணக்கேக்கின் அடிப்படை இதுவே.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். பிராந்தி ஒன்றைத் தவிர, நம் வீட்டுச் சமையலறைக்கு அந்நியமான பொருள் இதில் ஏதுமில்லை. சொல்லப்போனால் இதில் ஒரு பகுதி கிழக்கிலிருந்து அங்கே சென்றது. நாம் சர்க்கரை என்பது பாரசீகத்தில் ஷகர், அரபியில் சுக்கர். ஆங்கிலத்தின் சுகர் அந்த வழியே பிறந்த சொல்தான். கரும்புச் சாகுபடியை ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் கொண்டுசென்றவர்கள் முஸ்லிம்கள். ஆனால் பிராந்தி என்பது பிற்காலத்தில் யாரோ புகுத்திய கலப்படம் அன்று. ராஃபால்டின் செய்முறையிலேயே அது இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனையும் ஆடம்பரமும்

கேக் கோபுரமாக உயர்ந்தது அரண்மனையால். 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா மகாராணிக்குத் திருமணம் நடந்தது. அன்றைய கேக் சுமார் 300 பவுண்டு எடையும், மூன்று கஜம் சுற்றளவும் கொண்டது. அதன் உச்சியில், நாட்டையே பெண்ணுருவாக்கிய பிரிட்டானியா மணமக்களை ஆசீர்வதிப்பதுபோல் சிறு சிலைகளை நிறுத்தியிருந்தனர். இன்று கேக்கின்மேல் வைக்கப்படும் மணமக்கள் பொம்மை எந்த மரபிலிருந்து வந்தது என்பதை இது உணர்த்தும்.

1858இல் அவருடைய மூத்த மகளின் திருமணத்தில் கேக் பல அடுக்குகளாக எழுந்தது. ஆனால் அடித்தட்டு மட்டுமே உண்ணும் கேக். மேலடுக்குகள் சர்க்கரையால் வார்த்த அலங்காரம். 1882இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில்தான் அடுக்குகள் எல்லாம் கேக்காகவே அமைந்தன. அரசவையைப் பார்த்துச் செல்வந்தரும், செல்வந்தரைப் பார்த்து நடுத்தரக் குடும்பங்களும் அந்த வழக்கத்தைப் பின்பற்றினர்.

இரண்டாம் உலகப் போரின்போது இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. சர்க்கரைத் தட்டுப்பாட்டால் 1940இல் பிரிட்டிஷ் அரசு கேக்கின்மேல் சர்க்கரைப் பூச்சிடுவதற்குத் தடை விதித்தது. மக்கள் என்ன செய்தார்கள்? அட்டையால் செய்த அடுக்குக் கேக் உறையை வாடகைக்கு வாங்கி, சிறிய கேக்கை அதற்குள் மறைத்து வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். பசிக்கான உணவு எது, பிறர் பார்வைக்கான காட்சி எது என்பதைப் பிரித்தறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

வெண்மைக்குப் பின்னால் இருந்த கண்ணீரையும் சொல்ல வேண்டும். ராஃபால்டு நூல் எழுதிய காலத்தில் இங்கிலாந்துக்குச் சர்க்கரை வந்தது ஜமைக்கா, பார்படோஸ் போன்ற மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து. அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகள். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். திம்புக்டுவில் பிறந்து, குர்ஆனை ஓதி வளர்ந்த அபூபக்ர் அஸ்ஸித்தீக் என்பவர் ஜமைக்காவில் நெடுங்காலம் அடிமையாக வாழ்ந்து, 1834இல் விடுதலை பெற்றார். தம் வாழ்க்கைக் குறிப்பை அரபியிலேயே எழுதினார். அக்காலத்தில் சர்க்கரை வெண்மையாக இருக்க இருக்க விலையும் கூடியது. வெண்பூச்சு செல்வத்தின் அடையாளமாக இருந்தது. பெருமைக்காக ஒரு பண்டத்தை மேசையில் நிறுத்தும்போது, அதன் விலையை எங்கோ ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்கலாகாது.

கொழும்புக்கு வந்த கேக்

ஆங்கிலேயர் ஆட்சியோடு இந்தக் கேக் இலங்கைக்கும் வந்தது. வந்த இடத்தில் அது உருமாறியது. மாவுக்குப் பதிலாக ரவை. பாதாமுக்குப் பதிலாக முந்திரி. நீற்றுப்பூசணியைப் பாகில் காய்ச்சிய தோசி. ஏலம், கிராம்பு, தேன், பன்னீர். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றி, அழகிய சிறு பெட்டியில் இட்டு, ஒவ்வொரு விருந்தினர் கையிலும் கொடுத்தனுப்புவது அங்குள்ள வழக்கமாயிற்று. மேடையில் நிற்கும் அடுக்குக் கேக் பெரும்பாலும் வெறும் அலங்காரமே. உண்மையான கேக் பெட்டிக்குள் இருக்கும்.

சிங்களர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தாரும் இதை ஏற்றனர். மலாய் மக்கள் தந்த வட்டலப்பம் எப்படி இலங்கை முஸ்லிம்களின் விருந்தில் சொந்தப் பண்டமாயிற்றோ, அப்படியே கேக் பெட்டியும் ஆயிற்று. நம் கரையிலும் இதுபோல் நிகழ்ந்திருக்கிறது. கீழக்கரையின் துதல், மலாய் நாடுகளின் தோதோலோடு உறவுடையது. இன்று அதை யாரும் அந்நியர் பண்டம் என்பதில்லை.

மணமகளின் உம்மா கேட்ட கேள்வியின் நியாயம் எனக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது. நாங்கள் கிறிஸ்தவச் சடங்காகக் கண்டதை, அவர் தம் தாயின் கைமணமாகக் கண்டிருக்கிறார்.

மதீனாவின் மணவிருந்துகள்

வரலாறு ஒருபுறம் இருக்கட்டும். நிகாஹ்வின் விருந்துக்கு நம் முன்மாதிரி நபி (ஸல்) அவர்களின் வலீமா.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா நடந்தது. தோல்விரிப்புகள் விரிக்கப்பட்டன. பேரீச்சம்பழம், நெய், உலர்த்திய தயிர்க்கட்டி ஆகியவை அவற்றின்மேல் வைக்கப்பட்டன. இவற்றைக் கலந்து செய்வதே 'ஹைஸ்' எனும் இனிப்பு. ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. அதுதான் அல்லாஹ்வின் தூதருடைய மணவிருந்து.

அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் ஆடு அறுத்து, ரொட்டியும் இறைச்சியும் வயிறார வழங்கப்பட்டன. அந்தத் திருமணத்துக்கு உம்மு சுலைம் (ரலி) அவர்கள் ஹைஸ் செய்து, தம் மகன் அனஸ் (ரலி) மூலம் அன்பளிப்பாக அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் மக்களை அழைத்துவரச் செய்து, பத்துப் பத்துப் பேராக அமர்த்தி அதை உண்ணச் செய்தார்கள். தம் மனைவியர் சிலரின் வலீமாவை இரண்டு முத்து வாற்கோதுமையைக் கொண்டே முடித்தார்கள் என்றும் புகாரியில் பதிவாகியுள்ளது. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடமோ, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு கூறினார்கள்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? பண்டம் மாறலாம்; வசதிக்கேற்பக் கூடலாம், குறையலாம். மணநாளில் இனிப்பு வழங்குவதும் நமக்குப் புதியதன்று. ஆனால் ஒன்றை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். செல்வந்தர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் கெட்டது என்றார்கள்.

பிறருக்கு ஒப்பாவது எப்போது?

மாணவரின் வாப்பாவுடைய அச்சம் வெற்று அச்சம் அன்று. ஒரு கூட்டத்தாருக்கு ஒப்பாக நடப்பவர் அவர்களையே சார்ந்தவர் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அந்நிய மண்ணில் வளரும் பேரப்பிள்ளைகள் தீனை இழந்துவிடுவார்களோ என்று அஞ்சும் பெரியவர்களை நாம் குறைசொல்லக் கூடாது.

ஆயினும் அந்த நபிமொழி எதைக் குறிக்கிறது என்பதை அறிஞர்கள் விளக்கியுள்ளனர். பிற மதத்தாரின் வழிபாட்டையும், அவர்களுக்கே உரிய அடையாளத்தையும் மேற்கொள்வதே தடுக்கப்பட்டது. எல்லா மக்களிடமும் பரவிப் பொதுவாகிவிட்ட பழக்கம் அப்படிப்பட்டதன்று. ஹிஜ்ரி 852இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் 'தைலஸான்' எனும் மேலாடை பற்றிப் பேசும்போது, அது ஒரு காலத்தில் யூதர்களின் அடையாளமாக இருந்தது என்றும், பின்னர் அந்நிலை மாறி பொதுவான ஆகுமானவற்றுள் அடங்கிவிட்டது என்றும் விளக்குகிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் ஷாம் நாட்டு அங்கியை அணிந்திருந்தார்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, ரோமப் பேரரசின் எல்லையை ஒட்டிய தபூக்கில் அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டது. அவர்கள் கத்தியைக் கேட்டு வாங்கி, அல்லாஹ்வின் பெயர் கூறி, அதை வெட்டினார்கள். இதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். கத்தியால் வெட்டுவதே ஒரு சடங்கு என்று எண்ணுவோருக்கு இந்த நிகழ்ச்சி போதுமான விளக்கம்.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

ஆக, கேக் நிகாஹ்வின் பகுதி அன்று. வலீமாவின் சுன்னத்தும் அன்று. அது ஓர் இனிப்பு. இல்லாமல் போனால் குறையில்லை. வைக்க விரும்பினால் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, மது. ஆங்கிலேயப் பழக்கேக்கில் உலர்பழங்களைப் பிராந்தியிலோ ரம்மிலோ ஊறவைப்பர். சுட்ட பின்னும் மேலே தெளிப்பர். அடுப்பில் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது சரியன்று, முழுவதும் நீங்குவதில்லை. நீங்கினாலும் மதுவை உணவில் சேர்ப்பது நமக்கு ஆகாது. இலங்கைச் செய்முறையிலும் பிராந்தி உண்டு என்பதால், நம்மவர் கடையென்று கேளாமல் இருந்துவிட வேண்டாம். ஆரஞ்சுச் சாற்றிலோ, தேயிலைச் சாயத்திலோ பழங்களை ஊறவைத்தால் சுவை குறையாது. வெனிலா சாரத்தில் ஆல்கஹால் இருப்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெனிலா விதைத்தூளைப் பயன்படுத்தினால் அந்த ஐயமும் நீங்கும்.

இரண்டாவது, ஜெலட்டின். மேற்பூச்சு, மார்ஷ்மெல்லோ, மூஸ் ஆகியவற்றில் பன்றியிலிருந்தோ, முறைப்படி அறுக்கப்படாத மாட்டிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். மூஸ் போன்றவற்றை, நாம் நோன்பு திறக்கக் காய்ச்சும் கடல்பாசியைக் கொண்டே உறையவைக்கலாம். இ 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். இதை ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபினர் தவிர்ப்பதே பேணுதல். இ 471 தாவரக் கொழுப்பிலும் விலங்குக் கொழுப்பிலும் கிடைக்கும், எதுவென்று கேட்டறியுங்கள். ஹலால் சான்றுள்ள கடையாயின் நன்று. ஒன்றை மறவாதீர்கள்: சைவம் என்று எழுதியிருந்தால் ஜெலட்டின் இராது; ஆனால் மது இருக்கலாம்.

மூன்றாவது, வடிவமும் சடங்கும். உச்சியில் உருவப் பொம்மைகள் வேண்டாம். கேக் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்தால் வருங்காலக் கணவர் கனவில் தோன்றுவார் என்பது பழைய இங்கிலாந்தின் மூடநம்பிக்கை. மேலடுக்கை முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காகச் சேமித்துவைப்பது அவர்களின் சமயத்தோடு பிணைந்த வழக்கம். இவ்விரண்டும் நமக்கு உரியன அல்ல. அந்நிய ஆண்களும் பெண்களும் கலந்து நிற்க, மணமக்கள் மேடையில் ஒருவருக்கொருவர் ஊட்டிக் காட்டுவதும் நாணத்துக்கு உகந்ததன்று.

நான்காவது, அளவு. உண்போர் எத்தனை பேரோ அத்தனை துண்டுகள் போதும். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அல்குர்ஆன் 17:27 எச்சரிக்கிறது. கேக்குக்கு ஆகும் செலவைக் கேட்டு மணமகனோ பெண்ணின் பெற்றோரோ கடன்பட நேருமானால், அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

ஐந்தாவது, பங்கு. குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். அந்நிய நாட்டில் பிரியாணியின் காரத்துக்கு அஞ்சும் அண்டை வீட்டாரும் கேக் துண்டை மகிழ்ந்து ஏற்பர்.

பன்னீர் மணக்கும் பெட்டி

இவற்றையெல்லாம் எழுதி மாணவருக்கு அனுப்பினேன். அதற்கு முன் மணமகளின் உம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, அவசரமாகச் சொன்ன சொல்லுக்காக வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை ஹஸ்ரத், எங்களுக்காகத் தேடிப் படித்தீர்களே, அல்லாஹ் நற்கூலி தரட்டும்" என்றார் அவர். "என் உம்மா செய்ததில் பிராந்தி இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை" என்றும் சொன்னார்.

இறுதியில் அவர் தம் கையாலேயே கேக் செய்தார். ரவை, முந்திரி, பூசணித் தோசி, பன்னீர். பழங்கள் ஊறியது ஆரஞ்சுச் சாற்றில். அடுக்கில்லை, தூணில்லை, பொம்மையில்லை. நிகாஹ் முடிந்ததும் பள்ளிவாசலில் பேரீச்சம்பழம் வழங்கினர். வலீமா விருந்துக்குப் பிறகு, வீட்டார் மட்டும் இருந்த அறையில் கேக் வெட்டப்பட்டது. பெட்டிகள் விருந்தினருக்கும், அந்தத் தெருவில் இருந்த வீடுகளுக்கும், பள்ளிவாசலில் உணவுப் பொட்டலம் பெற வருவோருக்கும் சென்றன.

வாப்பா மண்டபத்தை விட்டுப் போகவில்லை. அறையின் ஓரமாக நின்றிருந்தாராம். முகம் முழுவதுமாக மலரவில்லை என்றுதான் மாணவர் சொன்னார். ஆனால் கத்தியை எடுத்தபோது, "பிஸ்மில்லாஹ் சொல்" என்று மகனுக்கு நினைவூட்டியவர் அவர்தான். ஊர் திரும்பும்போது பேரப்பிள்ளைகளுக்கென்று நான்கு பெட்டிகளைத் தம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தார். ஐந்தாவதாக ஒன்று என் பெயருக்கும் வந்தது. மதரஸா மாணவர்களோடு அதைப் பகிர்ந்து உண்டேன்.

தீனில் உறுதியையும், பிறரைப் பற்றித் தீர்ப்பளிக்கும் முன் ஆராயும் நிதானத்தையும், மணமக்களின் இல்லங்களில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம்.